வளையல் பார்க்கப் போனவர்

அன்று என் வேனில் ஏறினவர்கள்.

வடக்கனந்தல் பெரியவர். அவர் சம்சாரம். மூத்த மகன். மூத்த மருமகள். அவர்களுடைய பெண்கள் இரண்டு பேர், பெரியதுக்குப் பத்து வயசு, சின்னதுக்கு ஏழு. இளைய மகன். இளைய மருமகள். அவள் மடியில் கைக்குழந்தை, அதற்குத்தான் மொட்டை. அந்த மருமகளோட அப்பா. அம்மா. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வந்த தாய்மாமன். பெங்களூரிலிருந்து வந்த சித்தப்பா. சித்தி. துணைக்கு வந்த பக்கத்து வீட்டம்மா.

அப்புறம் ஒரு ஆடு. கருப்புக் கிடா.

இளைய மகன் படிக்கட்டில் நின்று விரல் நீட்டி எண்ணினான்.

"ஆட்டோட சேத்து பதினாறு. எல்லாம் வந்தாச்சி, எடுப்பா."

வண்டியில் சிரித்தார்கள். ஆடும் கத்தியது.

பின்னால் கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு அண்டா, குண்டா, விறகு, இலைக்கட்டு எல்லாம் அடுக்கியிருந்தோம். அதற்கு நடுவில் சமையல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பாத்திரம் மறைத்ததால் முன்னால் இருப்பவர்களுக்கு அவர் தெரியமாட்டார். என் கண்ணாடியிலும் தெரியமாட்டார். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கரண்டியால் அண்டாவில் இரண்டு தட்டுத் தட்டுவார். டங், டங். நான் ஏறிட்டேன், நீ எடு என்று அதற்கு அர்த்தம்.

அன்றும் தட்டினார். எடுத்தேன்.

ஒன்பது வருசம் சேர்ந்து ஓடினோம். நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னை டிரைவரே என்பார். பேரைச் சொல்லி நாங்கள் கூப்பிட்டுக்கொண்டதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் குலசாமிக்குப் பொங்கல் வைக்க, காது குத்த, மொட்டை போட வேன் பிடிக்க வருகிறவர்கள் சமையலுக்கும் ஆள் கேட்பார்கள். நான் அவரைச் சொல்வேன். அவரிடம் முதலில் போனவர்களுக்கு அவர் என் வண்டியைச் சொல்வார்.

குள்ளமான ஆள். இரண்டு கையிலும் எண்ணெய் தெறித்த தழும்பு. தோளில் ஒரு துண்டு. கறியை அடுப்பில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி, விறகை இழுத்துத் தணலாக்கிவிட்டு நிமிர்வார். நாலு பக்கமும் பார்ப்பார். "ரெண்டு நிமிசம்" என்பார். போய்விடுவார். எங்கே போனார், யாருக்கும் தெரியாது. கறி இறக்குகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார். ஒரு தடவைகூட அடிப்பிடித்ததில்லை.

இறக்கி மூடி வைத்துவிட்டு என்னிடம் வருவார்.

"டிரைவரே, வா."

"எங்க மாஸ்டர்?"

"வா, சொன்னா கெட்டுப்பூடும்."

போனால் ஏதாவது இருக்கும். பாறை இடுக்கில் ஈரமணலில் நூறு மஞ்சள் பட்டாம்பூச்சி உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அய்யனார் கோயிலுக்குப் பின்னால் உடைந்துபோன மண்குதிரைகளைக் கொட்டியிருப்பார்கள், ஒவ்வொரு தலையிலும் ஒரு செடி முளைத்துப் பூத்திருக்கும். துபாயிலிருந்து வந்தவர் ஒருவர் மாடியில் தண்ணீர்த் தொட்டியை விமானம் மாதிரிக் கட்டி, இறக்கைக்கு ரோஸ் பெயிண்ட் அடித்திருப்பார். மாஸ்டருக்கு எல்லாம் ஒன்றுதான். சாமி செய்ததா மனுசன் செய்ததா என்று பிரித்துப் பார்க்கமாட்டார்.

அவருக்குத் தனியாகப் பார்த்தால் ஆகாது. இதுதான் அவர். கண்டுபிடிப்பது தனியாக. அப்புறம் யாரையாவது இழுத்துப் போய்க் காட்டியாக வேண்டும்.

"நான் மட்டும் பாத்தா இன்னா புண்ணியம்? நாளைக்கி எனுக்கே டவுட்டு வந்துடும்" என்பார்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு என்னை பைபாஸ் ஓரம் கூட்டிக்கொண்டு போனார். பழைய பாட்டில் வாங்குகிற கடை. வேலிக்குள் பச்சை பாட்டில் ஒரு மலை, தேன் நிறத்தில் ஒரு மலை, நீலம் கொஞ்சம். வேலியை விலக்கி உள்ளே போய் நின்றோம். வெயில் குவியலுக்குப் பின்னாலிருந்து ஏறியது. தரையெல்லாம் பச்சையும் நீலமும் ஆகிவிட்டது. மாஸ்டருடைய வெள்ளைச் சட்டை பச்சைச் சட்டை ஆனது.

கடைக்காரர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

"யார்யா அது? இன்னா வோணும்?"

"ஒண்ணும் வாணாங்க. பாக்க வந்தோம்."

"இன்னாத்த பாக்க?"

"உங்க பாட்டிலத்தாங்க."

"காலங்காத்தாலயே ஏத்திகினு வந்துட்டீங்களாய்யா?"

மாஸ்டர் அவர் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து நிறுத்தினார். வெயிலுக்கு எதிராக. கடைக்காரர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"பன்னண்டு வருசமா கட வெச்சிகினு கீறேன். இந்தப் பக்கம் நான் நின்னதே இல்லயே" என்றார்.

எங்களுக்கு டீ சொன்னார்.

இன்னொரு தடவை பெண் பார்க்கப் போகிற கூட்டம். சின்னசேலம் தாண்டி வயல்வெளி. அந்த வருசத்து முதல் பெருமழை அப்போதுதான் விட்டிருந்தது. பின்னாலிருந்து அண்டாவை டமடமவென்று அடித்தார். என்னமோ ஏதோ என்று நிறுத்தினேன். இறங்கி ஓடினார். வயலில் தேங்கின தண்ணீரில் பெரிய பெரிய தவளைகள். பச்சை இல்லை, எலுமிச்சம்பழ மஞ்சள். கழுத்தில் இரண்டு பக்கமும் நீலப் பலூன் மாதிரி ஊதி ஊதிக் கத்துகின்றன. மாப்பிள்ளைப் பையனையே கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பையன் பட்டுவேட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நின்று வாயைப் பிளந்து பார்த்தான். வேட்டிக் கரையெல்லாம் சேறு.

மாப்பிள்ளையோட அம்மா கத்தினார்கள். "யோவ் மாஸ்டரு, பொண்ணு பாக்க போறமா, தவள பாக்க போறமா?"

"பொண்ணு நாளைக்கும் இருக்கும்மா. இது ரெண்டு நாள்தான் மஞ்சளா இருக்கும்."

பையன்தான் முதலில் சிரித்தான்.

எல்லாரும் இப்படிச் சிரிக்கமாட்டார்கள். அவர் துண்டை உதறிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து வந்தாலே, "மாஸ்டர் வராரு, கால மடக்கி ஒளிச்சி வைங்கடி" என்று பொம்பளைகள் கேலி பேசுவார்கள். யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். கடைசியில் என்னிடம்தான் வருவார்.

நானும் பாதித் தடவை போகவில்லை. சாப்பிட்டுவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பேன். "தூக்கம் வருது மாஸ்டர். நீ பாத்துட்டு வா" என்பேன். அவர் கோபிக்கமாட்டார். ஜன்னலோரம் கொஞ்சம் நிற்பார். போவார். திரும்பி வந்து அதை எனக்குச் சொல்லவும் மாட்டார். காட்டுவதுதான் அவருக்கு வேண்டும். சொல்வது இல்லை.

வளையல் கதை மலைமேல் ஆரம்பித்தது.

கரியாலூர் தாண்டி உள்ளே ஓர் ஓடை. ஓடையோரம் மரத்தடியில் நாலு கல். கீழே உள்ள ஏழெட்டுக் குடும்பங்களுக்கு அதுதான் குலசாமி. ஓடை கொஞ்சம் தள்ளிப் போய்ப் பள்ளத்தில் விழுகிறது. அந்த அருவிக்குப் பேர் கிடையாது, போர்டு கிடையாது. பேர் வைத்த அருவிக்குத்தான் ஜனங்கள் போவார்கள். மாஸ்டருக்கு அங்கெல்லாம் பிடிக்காது. "அங்க இன்னா பாக்கணும்னு எழுதியே போட்டுட்டாங்களே" என்பார்.

அங்கே கடுக்காய் பொறுக்குகிற ஓர் அம்மா இவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அருவிக்கு மேலே ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் நாலு மணி வெயில் முதுகில் அடிக்க வேண்டும். பாறை முனையில் நின்று கீழே பார்க்க வேண்டும். கீழிருந்து சாரல் மேலே ஏறி வந்தால் அதில் வளையல் தெரியும்.

"இன்னா வளையலு?" என்றேன்.

"வானவில்லுதான். ஆனா முழுசு. வட்டமா."

"வானவில்லு பாதிதான் மாஸ்டர் தெரியும். மீதி பூமிக்குள்ள."

"அதான் டிரைவரே. மீதிய எவன் பாத்தான்?"

அதிலிருந்து மூன்று வருசம் அவருக்கு அதே நினைப்பு. அந்தக் கோயிலுக்கு வண்டி வந்தால் போதும், வேறு வேலையை விட்டுவிட்டு வருவார். ஒரு தடவை ஓடையில் தண்ணீரே இல்லை. ஒரு தடவை தண்ணீர் இருந்தது, வெயில் இல்லை. இன்னொரு தடவை இரண்டும் இருந்தன, இரண்டு மணிக்கே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அண்டாவுக்கு நடுவில் உட்கார்ந்து தட்டினார். டங், டங். சத்தம் மெதுவாக வந்தது.

அப்புறம்தான் இந்த வடக்கனந்தல் வண்டி.

மொட்டை நல்லபடியாக நடந்தது. பொங்கல் வைத்தார்கள். ஆட்டை வெட்டினார்கள். மாஸ்டர் ஆக்கினார். அன்று அந்தச் சின்னப் பெண் அவரையே சுற்றிக்கொண்டிருந்தது. மண்ணில் ஊர்கிற சிவப்புப் பட்டுப்பூச்சியை எடுத்து அதன் உள்ளங்கையில் விட்டார். குங்குமம் நடந்து போவது மாதிரி இருந்தது. அது கத்தவில்லை. கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு பார்த்தது.

"நல்ல பொண்ணு" என்றார் மாஸ்டர் என்னிடம். "பாக்கத் தெரியுது."

சாப்பாடு முடிந்தது. அண்டா குண்டா எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மூன்றரை இருக்கும். வெயில் சாய்ந்து அடித்தது. ஓடையில் நல்ல தண்ணீர். மாஸ்டர் என் ஜன்னலுக்கு வந்தார். கையில் பால் காய்ச்சின சொம்பு. அது மட்டும் கழுவ மிச்சம்.

"டிரைவரே, இன்னிக்கி எல்லாம் சேந்துகினு வந்துகீது. வரியா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"நீ பாத்துட்டு வா மாஸ்டர்."

கொஞ்சம் நின்றார். போய்விட்டார்.

இளைய மகன் என் தோளைத் தட்டி எழுப்பினபோது வடக்கே மேகம் கறுத்திருந்தது. குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வீறிட்டு அழுதது. பாத்திரத்தை எல்லாம் அவர்களே ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். எல்லாரும் ஏறியாகிவிட்டது. அவன் படிக்கட்டில் நின்று விரல் நீட்டினான்.

"ஆடு கொறஞ்சி பதினஞ்சு. கரெக்டா இருக்குது. மழ புடிக்கறதுக்குள்ள எடுப்பா."

நான் எடுக்கவில்லை. சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

டங், டங்.

எடுத்தேன்.

கீழே இறங்கி கோமுகி அணைக்கிட்ட டீ குடிக்க நிறுத்தினோம். மழை ஆரம்பித்துவிட்டது. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தார்ப்பாயைத் தூக்கி, "மாஸ்டர், டீ" என்றேன். அண்டா இருந்தது. குண்டா இருந்தது. கரண்டி இருந்தது.

சின்னப் பெண் எனக்குப் பின்னால் வந்து நின்றது.

"யாரும்மா தட்டினது?" என்றேன்.

"நாந்தான் மாமா. மல எறங்கறப்ப நீ தட்டுன்னு சமையல் தாத்தா சொன்னாரு."

அதன் முகத்தில் சந்தோசம். கோபிக்க என்ன இருக்கிறது. அவர் சொன்னதைச் செய்திருக்கிறது.

போய்ப் பெரியவரிடம் சொன்னேன். "மாஸ்டர் மேலயே நின்னுட்டாருங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எல்லாம்தான் எண்ணி ஏத்தனமே" என்றார். அப்புறம், "சமையக்காரரா? பஸ்ஸு இருக்குதில்ல. வந்துடுவாரு."

"கடேசி பஸ்ஸு போயிருக்கும்ங்க. போன்ல லைனும் கெடைக்கல. திரும்பி ஒரு எட்டு போயிட்டு…"

"கொழந்தைக்கி ஒடம்பு சுடுதுப்பா" என்றான் இளைய மகன். "எங்கள வூட்ல வுட்டுட்டு அப்பறம் போயி பாத்துக்க. அவுரு இன்னா பச்சப்புள்ளயா?"

கெட்டவர்கள் இல்லை அவர்கள். குழந்தைக்கு உண்மையாகவே சுட்டது. வண்டியை வடக்கனந்தலுக்கு விட்டேன். ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் மேல்தான் இருக்கிறது.

இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் முதல் வளைவிலேயே மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தது. விடிந்துதான் வெட்டி எடுத்தார்கள்.

நாலாவது வளைவில் அவரைப் பார்த்தேன். மேலேயிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். துண்டை முக்காடு போட்டிருந்தார். கையில் அந்தப் பால் சொம்பு.

"வந்துட்டியா டிரைவரே" என்றார்.

எப்போதும் பின்னால் ஏறுகிறவர் முன்னால் ஏறினார். சொம்பை மடியில் வைத்துக்கொண்டார். வண்டியைத் திருப்பினேன்.

"சாப்ட்டியா மாஸ்டர்?"

"அந்தக் கடுக்கா பொறுக்கற அம்மா வூட்ல படுத்தேன். சாம அரிசி சோறு போட்டாங்க. எனுக்கு ஒருத்தர் ஆக்கிப் போட்டு எத்தினி வருசம் ஆவுது."

இரண்டு வளைவு போனோம்.

"வளையலு தெரிஞ்சிச்சி" என்றார்.

"முழுசாவா?"

"முழுசா. கால்கிட்ட இருந்து சுத்தி வந்து கால்கிட்டயே முடியுது. நடுவுல ஒரு ஆளு நிக்கறான். நான் கைய தூக்கனேன். அவனும் தூக்கனான். என் நெழலு."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"ரெண்டு பேரு நின்னா ரெண்டு நெழலு வுழும் இல்ல? அதான் உன்ன இட்டுகினு போலாம்னு ஓடியாந்தேன். தூங்கனா தூங்கட்டும், இழுத்துகினே போயிடறதுன்னு."

சொம்பைத் துண்டால் துடைத்தார்.

"வண்டி இல்ல."

அப்புறம் கேட்டார். "எண்ணலியா?"

"எண்ணினாங்க."

"எத்தினி?"

"பதினஞ்சு."

விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். அவருக்கும் அந்தக் குடும்பம் தெரியும். பெரியவர், சம்சாரம் என்று உதடு அசைந்தது. முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான் கீது" என்றார்.

அடுத்த திருப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். கீழே ஊரெல்லாம் மேகத்தில் முங்கியிருந்தது. மேலே வெயில். மேகத்துக்கு நடுவில் அணைத் தண்ணீர் மட்டும் கண்ணாடித் துண்டு மாதிரி. அந்த மாதிரி நான் பார்த்ததில்லை. முதல் தடவையாக நான் அவருக்குக் காட்டினேன்.

"மாஸ்டர், அங்க பாரு."

அவர் மடியில் இருந்த சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாம் டிரைவரே" என்றார்.

வடக்கனந்தல் பெரியவர் வேட்டி துண்டு கொடுத்து அனுப்பினார். மாஸ்டர் வாங்கிக்கொண்டார். யார் மேலும் ஒரு குறை சொல்லவில்லை. என் மேலும். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் ஒரு வருசம் வேலைக்கு வந்தார். கறியை ஏற்றிவிட்டு நிமிரமாட்டார். அடுப்புக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து தீயைப் பார்ப்பார். பாத்திரம் கழுவ வேறு ஆளைக் கூட்டி வந்தார். பந்தி முடிந்ததும் வண்டியில் ஏறிவிடுவார். யாரும் ஏறுவதற்கு அரை மணி முன்னால். அண்டா ஏற்றும்போதே அவர் உள்ளே இருப்பார், அவரைச் சுற்றி அடுக்குவார்கள். கரண்டியால் தட்டுவதும் நின்றுவிட்டது. நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எடுப்பேன்.

பொம்பளைகள் கேட்பார்கள். "இன்னா மாஸ்டரு, இந்தப் பக்கம் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா" என்பார்.

அடுத்த மழைக்கு அதே சின்னசேலம் வயலில் மஞ்சள் தவளை இருந்தது. நானே பார்த்து நிறுத்தினேன். இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தேன்.

"மாஸ்டர், தவள. மஞ்சளா. போன தடவய விட ஜாஸ்தி."

"நீ பாத்துட்டு வா" என்றார்.

அது என் வார்த்தை. ஒன்பது வருசம் நான் அவரிடம் சொன்னது. போய்த் தூறலில் இரண்டு நிமிசம் நின்றேன். திரும்பி வந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முட்டி வலி என்று வேலையை விட்டார். திருக்கோவிலூரில் மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு தடவை போனில் பேசினோம். "வண்டி எப்டி ஓடுது?" என்பார். "ஓடுது" என்பேன். அதற்கு மேல் எங்களுக்குப் போனில் பேசத் தெரியாது.

மூன்றாவது தடவை மகள் எடுத்தது.

"அப்பா போயி பதினாறாம் நாளு காரியமும் முடிஞ்சிடுச்சிண்ணா" என்றது.

"ஒரு வார்த்த சொல்லலியேம்மா."

"அப்பா போன்ல டிரைவர்னு மூணு பேரு கீறாங்கண்ணா. யாரு இன்னான்னு தெரில. யாருக்கும் சொல்லல."

நேரில் போனேன். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றேன். படத்திலும் தோளில் துண்டு. மகள் டீ கொடுத்தது.

"என் கல்யாணத்துக்கு முன்னாடி எங்கள ஒரு எடம் வுட மாட்டாரு. இழுத்துகினு போயி எதனா காட்டிகினே இருப்பாரு. எங்கம்மா திட்டும். இங்க வந்து, வாசல்ல இருந்து பெண்ணையாறு கூப்புடு தூரம், பேத்தி கைய புடிச்சி இழுக்குது, வர்ல. செவுத்த பாத்துகினு உக்காந்திருப்பாரு. ஏண்ணா, வேலைக்கி போன எடத்துல எதனா நடந்துச்சா?"

"என் வண்டியில இருந்து நான் அவர வுட்டுட்டு வந்துட்டேம்மா" என்றேன்.

அது புரிந்த மாதிரித் தெரியவில்லை. புரியவைக்க எனக்கும் வரவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

போன ஐப்பசியில் அந்தக் கோயிலுக்கு ஒரு வண்டி கிடைத்தது. மூன்றரை மணிக்கு இறங்கினேன். கடுக்காய் அம்மா வழி காட்டினார்கள். "அவுரு வரலியா?" என்றார்கள். "வரல" என்றேன்.

பாறை வழுக்கியது. முனையில் போய் நின்றேன். வெயில் முதுகில் அடித்தது. கீழே வெள்ளையாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு காற்று திரும்பிச் சாரல் மேலே ஏறி முகத்தில் பட்டது.

கால் பக்கத்திலிருந்து எழும்பிச் சுற்றி வந்து கால் பக்கத்திலேயே முடிந்தது. வெளியே சிவப்பு, உள்ளே ஊதா. நடுவில் ஒரு நிழல். கையைத் தூக்கினேன். தூக்கியது.

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா எப்போதோ போய்விட்டிருந்தார்கள். மரம்தான் இருந்தது. மறுபடி குனிந்தபோது காற்று மாறிவிட்டது. வெறும் தண்ணீர்.

வீட்டில் சொன்னேன். வானவில் வட்டமாக எப்படி இருக்கும் என்றார்கள். ஒரு வருசம்கூட ஆகவில்லை. இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் வண்டி எடுப்பதற்கு முன் இறங்குகிறேன். பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறேன். வண்டி பிடித்தவர்கள் அவர்கள் கணக்கை எண்ணிக்கொள்ளட்டும். நான் தனியாக எண்ணுகிறேன்.

அன்றைக்கும் சேர்த்து எண்ணிவைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. பெரியவர், அவர் சம்சாரம், மூத்த மகன், மருமகள், பெண்கள் இரண்டு, இளைய மகன், மருமகள், குழந்தை, சம்பந்தி இரண்டு பேர், தாய்மாமன், சித்தப்பா, சித்தி, பக்கத்து வீட்டம்மா. ஸ்டீரிங்கில் நான். அண்டாக்களுக்கு நடுவில் மாஸ்டர்.

பதினேழு.